ஆஸ்திரேலிய நாட்டுப்புறத்தில் பாரம்பரிய ரயில்களைப் படம்பிடித்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய நீராவி ரயில்களை வீடியோ எடுக்க ஊர் ஊராகப் போய்வருகிறேன் என்று சொன்னால் நண்பர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஆளுக்கு ஆள் பதில் சொல்லிச் சொல்லி, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் இருப்பது மேற்கு சிட்னியில். அதனால் நியூ சவுத் வேல்ஸ் பக்கத்து அனுபவம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

பாரம்பரிய ரயில் என்று எதைச் சொல்கிறீர்கள்?

வழக்கமான போக்குவரத்திலிருந்து ஓய்வு பெற்ற இன்ஜினும் பெட்டிகளும் பழுதுபார்க்கப்பட்டு, இப்போது சுற்றுலாவுக்காக ஓடுகின்றன. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, தனக்கென்று ஒரு சின்னப் பாதை வைத்துக்கொண்டு அதிலேயே போய்வரும் ரயில். விக்டோரியாவின் பஃபிங் பில்லி அப்படிப்பட்டது. இன்னொன்று, வருடத்தில் சில நாட்கள் மட்டும் நாட்டின் பிரதான தண்டவாளத்தில், சரக்கு ரயில்களுக்கு நடுவே வழி வாங்கிக்கொண்டு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும் சுற்றுலா ரயில். முதல் வகையில் பலவற்றைப் பெரும்பாலான வாரங்களில் போய் எடுக்கலாம். இரண்டாவது வகைக்குத் தேதி பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

இரண்டு வகையையும் பெரும்பாலும் தாங்கி நிற்பவர்கள் தன்னார்வலர்கள். வார நாளில் வேறு வேலை செய்துவிட்டு, அல்லது பணி ஓய்வு பெற்ற பிறகு, சனி ஞாயிறுகளில் கையில் கிரீசோடு பாய்லருக்கு அடியில் படுத்திருப்பவர்கள். படம் எடுக்கப் போகிறவர் முதலில் மனதில் வைக்க வேண்டியது இவர்களைத்தான்.

எந்த ரயில்கள் முக்கியம்?

ஆளாளுக்கு ஒரு பட்டியல் இருக்கும். என்னுடையதைச் சொல்கிறேன்.

முதலில் 3801. சிட்னியின் கிரான்வில்லில் கிளைட் இன்ஜினியரிங் கட்டி 1943-இல் ஓடத் தொடங்கிய பச்சை நிற இன்ஜின், தோட்டா மாதிரி மழமழவென்ற முகம். 1970-இல் சிட்னியிலிருந்து பெர்த் வரை ஒரே அகலத்தில் தண்டவாளம் போட்டு முடித்ததும், கண்டத்தின் கிழக்குக் கோடியிலிருந்து மேற்குக் கோடி வரை போய்வந்தது இது. பத்தாண்டுக்கும் மேல் பழுதுபார்ப்பில் கிடந்து 2021-இல் திரும்பி வந்தது. அந்த வருடம் அது ஓடிய வழியில் வேலியோரம் ஊரே திரண்டு நின்றதை நான் பார்த்தேன்.

அடுத்தது தென் ஆஸ்திரேலியாவில் பிச்சி ரிச்சி. போர்ட் அகஸ்டாவிலிருந்து க்வோர்ன் வரை, பழைய கான் ரயில் போன பாதையின் ஒரு துண்டு. ஒட்டகம் ஓட்டி வந்த ‘ஆப்கன்’காரர்களின் பெயரைத் தாங்கிய ரயில் அது. அந்த ரயிலை இழுத்த என்எம் 25 என்ற இன்ஜின், 1925-இல் செய்யப்பட்டது, இன்றும் அங்கே இருக்கிறது. செம்மண், வறண்ட மலை, கல்லால் கட்டிய பாலங்கள். இதைவிட நல்ல பின்னணி எனக்குக் கிடைத்ததில்லை.

விக்டோரியாவில் காசில்மெயின் – மால்டன் பாதை, 1884-இல் தங்கவயல் ஊர்களுக்குப் போட்டது. கூட்டம் குறைவு. யூகலிப்டஸ் காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லும் இடங்களில் ஒன்று.

நியூ சவுத் வேல்ஸில் லித்கோவுக்குப் பக்கத்தில் ஜிக்ஜாக். 1860களில் மலையிலிருந்து ரயிலைக் கீழே இறக்க, Z எழுத்துபோல் முன்னும் பின்னுமாகப் போகும்படி கட்டிய பாதை. மணற்கல் வளைவுப் பாலங்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன. 2013 காட்டுத்தீ இந்த ரயில்வேயைக் கடுமையாகச் சேதப்படுத்தியது. 2023 மே மாதம்தான் மறுபடி பயணிகளை ஏற்றியது. அந்தப் பத்து வருடம் விடாமல் உழைத்தவர்கள் மேல் எனக்கு இருக்கும் மரியாதையைச் சொல்லி முடியாது.

அப்புறம் டாஸ்மேனியாவின் குவீன்ஸ்டவுன் – ஸ்ட்ரான் பாதை. செப்புச் சுரங்கத்துக்காக 1890களில் போட்டது, 1963-இல் மூடியது, 2002-இல் மீண்டும் திறந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போயிருக்கிறீர்களா? தண்டவாளத்துக்கு நடுவில் பல் பல்லாக இரும்புப் பட்டை, அதில் இன்ஜினின் பல்சக்கரம் கடித்து ஏறும். அதே ஆப்ட் முறைதான் இங்கேயும். நீலகிரியில் 12 அடிக்கு 1 அடி ஏற்றம், இங்கே 16 அடிக்கு 1 அடி. குன்னூர் ஏற்றத்தில் கேட்ட அந்த மூச்சிரைப்பை, டாஸ்மேனிய மழைக்காட்டில் திரும்பக் கேட்டபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

எந்த மாதம் போவது நல்லது?

ஜூன், ஜூலை, ஆகஸ்ட். இங்கே அதுதான் குளிர்காலம். இரண்டு காரணம்.

நாம் வெள்ளையாகப் பார்ப்பது நீராவி குளிர்ந்து உருவாகும் நுண்ணிய நீர்த்துளிகளை. வறண்ட ஜனவரி வெயிலில் அது உடனே ஆவியாகி மறைந்துவிடும். இன்ஜின் எவ்வளவு உழைத்தாலும் படத்தில் சும்மா போவதுபோல் இருக்கும். உறைபனி விழுந்த காலையில் அதே இன்ஜின் ரயில் நீளத்துக்கும் மேகத்தை இழுத்துக்கொண்டு வரும்.

இரண்டாவது, தீ. கோடையில் முழுத் தீத் தடை அறிவித்த நாட்களில் நிலக்கரி இன்ஜினை ஓட்டுவதில்லை. டீசலை மாட்டிவிடுவார்கள், அல்லது பயணமே ரத்தாகும். மேற்கு ஆஸ்திரேலியாவில் ட்வெல்லிங்கப் பக்கம் ஓடும் ஹாதம் வேலி நீராவி ரயிலுக்கு மே முதல் அக்டோபர் வரைதான் சீசன்.

வெயில் எந்தப் பக்கம் விழும்?

நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் தென்பகுதியில் சூரியன் நடுப்பகலில் வடக்கே நிற்கும். கிழக்கு மேற்காகப் போகும் தண்டவாளத்தில் நீங்கள் வடக்குப் பக்கம் நின்றால்தான் இன்ஜினின் முகத்திலும் பக்கத்திலும் வெளிச்சம் விழும். தெற்குப் பக்கம் நின்றால் சக்கரங்கள் எல்லாம் கறுப்புத் திட்டாகிவிடும். ஜூனில் சிட்னியில் உச்சிப்பொழுதில்கூட சூரியன் தாழ்வாகவே இருக்கும். அதனால் பகல் முழுக்கச் சக்கரங்களுக்கு நடுவே வெளிச்சம் நுழையும், நிழல்தான் நீளம். வேலி, மரம், நீங்கள் நிறுத்திய கார், எல்லாவற்றின் நிழலும் தண்டவாளத்தில் விழும். ரயில் வரும் நேரத்துக்கு நிழல் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே பாருங்கள்.

எங்கே நின்று எடுப்பது?

ஏற்றத்தில். சமதளத்திலும் இறக்கத்திலும் இன்ஜின் உருண்டு போகும். புகையும் இல்லை, சத்தமும் இல்லை. ஏற்றத்தில்தான் அது முழுமூச்சாக வேலை செய்யும். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சின்னதாக நட்டிருக்கும் சரிவுப் பலகை எத்தனைக்கு ஒன்று என்று சொல்லும். பலகையின் கை எந்தப் பக்கம் உயர்கிறதோ அந்தப் பக்கம் ஏற்றம்.

பிரதான பாதையில் எனக்குப் பிடித்த இடம் ஜூனிக்கும் கூட்டமுந்த்ராவுக்கும் நடுவிலுள்ள பெத்துங்ரா. சரிவைக் குறைப்பதற்காக, சிட்னி பக்கம் ஏறும் தண்டவாளத்தை மலையைச் சுற்றி ஒரு முழு வட்டம் அடித்துத் தன்னையே தாண்டிப் போகும்படி 1946-இல் திறந்தார்கள். ரயில் ஒரு பக்கம் மறைந்து, வெகுநேரம் சத்தம் மட்டும் மலைக்குள் சுற்றிச் சுற்றி வந்து, வேறொரு பக்கம் மேலே தெரியும்.

இன்ஜின் தண்ணீர் பிடிக்கும் ஊர்களையும் விடாதீர்கள். பழைய தண்ணீர்த் தொட்டிகள் பல ஊர்களில் இப்போது இல்லை. ஊர்த் தீயணைப்பு வண்டி வந்து குழாய் போட்டு நிரப்பிக் கொடுக்கும். பள்ளிப் பிள்ளைகள், வயதானவர்கள், நாய்கள், எல்லாரும் வந்து நிற்பார்கள். வயலில் எடுத்த பத்து ஷாட்டைவிட இந்த அரை மணி நேரம் மேல்.

ரயிலைக் காரில் துரத்திக்கொண்டே பல இடங்களில் எடுக்கிறார்களே, அது சரியா?

பலர் செய்கிறார்கள். நானும் முதல் இரண்டு வருடம் செய்தேன். ஒரு நாளில் எட்டு இடம் பிடித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் எட்டும் அவசர அவசரமாக எடுத்தவை, ஒன்றில்கூட ரயில் வருவதற்கு முந்தைய அமைதி இல்லை. அதைவிட, நாட்டுப்புறச் சாலையில் ரயிலோடு போட்டி போட்டு ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. முன்னால் போகிற கார் சட்டென்று பிரேக் போடும், பின்னால் இன்னும் முப்பது பேர் வருவார்கள். அங்கே நடந்த ஒரு உரசலைப் பார்த்த அன்று விட்டுவிட்டேன்.

இப்போது ஒரு நாளுக்கு இரண்டே இடம். போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுவேன். இந்தப் பக்கத்தில் நான் சொல்வதில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

போனில் எடுத்தால் போதுமா?

படத்துக்குப் போதும். ட்ரைபாட் மட்டும் வாங்கிவிடுங்கள். ஒலிக்குப் போதாது.

ஒலிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

நீராவி இன்ஜினின் அழகில் பாதி காதில்தான் இருக்கிறது. ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு விசில். பிறகு ஒன்றுமில்லை. மாக்பை பறவை பாடும், ஆடு கத்தும். மெல்ல ஒரு துடிப்பு, அது நெருங்க நெருங்க நான்கு நான்காக அடிக்கும் புகைபோக்கியின் தாளம், சக்கரம் வழுக்கினால் அந்தத் தாளம் கலைந்து, டிரைவர் ஆவியை அடக்கி மறுபடி பிடிப்பது. இதெல்லாம் பதிவாக வேண்டும்.

மூன்று விஷயம் செய்யுங்கள். மைக்குக்கு ரோமக் கவசம் மாட்டுங்கள். திறந்த வெளியில் காற்று இல்லாத நாள் கிடையாது. ஒலி அளவைத் தானியங்கியில் விடாதீர்கள். அமைதியான நேரத்தில் கருவி தானே அளவை ஏற்றிவிடும், இலைச் சலசலப்பு இரைச்சலாகும், இன்ஜின் வந்ததும் பயந்தாற்போல் அமுக்கிவிடும், விசில் அடித்தால் எல்லாமே உடையும். கையால் அளவு வைத்து, விசிலுக்கு இடம் விட்டுக் குறைவாகவே வையுங்கள். மூன்றாவது, முடிந்தால் தனி ரெக்கார்டர் ஒன்றை வேலிக்கு இந்தப் பக்கம், உங்களிடமிருந்து இருபது அடி தள்ளி வைத்துவிட்டு வாருங்கள். உங்கள் செருப்புச் சத்தமும் பக்கத்தில் நிற்கிறவர் பேச்சும் அதில் விழாது.

காசில்மெயின் பாதையில் ஒரு பனிக்காலையில் என் வாழ்நாளின் சிறந்த ஷாட் ஒன்று கிடைத்தது. ரோமக் கவசத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தேன். படம் இருக்கிறது, ஒலியில் வெறும் காற்றின் படபடப்பு. அதற்கு வேறொரு நாளின் ஒலியை ஒட்ட மனம் வரவில்லை. அப்படியே வைத்திருக்கிறேன்.

கேமராவில் என்னென்ன அமைக்க வேண்டும்?

நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 50-இல் ஒன்று. சக்கரத்தை இணைக்கும் தண்டின் அசைவு இயல்பாகத் தெரியும். எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் பூட்டிவிடுங்கள். கறுப்பு இன்ஜின் சட்டகத்தை நிறைக்கும்போது தானியங்கி கேமரா ‘இருட்டு’ என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும். வெள்ளை ஆவியெல்லாம் வெறும் வெளுப்பாகிவிடும். வெள்ளை ஆவிக்கு ஏற்ப வெளிச்ச அளவை வையுங்கள், இன்ஜின் கொஞ்சம் இருண்டாலும் பிறகு எடிட்டிங்கில் வெளிச்சமாக்கிவிடலாம்.

கேமராவைத் திருப்பப் போகிறீர்கள் என்றால், ஷாட் எங்கே முடியுமோ அந்தப் பக்கம் பார்த்துக் கால்களை ஊன்றிக்கொள்ளுங்கள். பிறகு இடுப்பை மட்டும் திருப்பி ரயில் வரும் பக்கம் பாருங்கள். ரயிலோடு சேர்ந்து திரும்பும்போது உடல் தளர்ந்து இயல்பு நிலைக்கு வரும், முடிவில் ஆட்டம் இருக்காது. கடைசிப் பெட்டி போனதும் நிறுத்தாதீர்கள். சத்தம் அடங்கும்வரை ஓடட்டும்.

தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போகலாமா?

கூடாது. வேலிக்குள் இருப்பது ரயில்வே நிலம்; அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். நுழைந்தவரைக் கண்டால் டிரைவர் ரயிலை நிறுத்த வேண்டி வரலாம். அந்தப் பாதையில் அடுத்த தடவை சுற்றுலா ரயிலுக்கு அனுமதி கிடைப்பதே கடினமாகலாம். பொதுச் சாலை, மேம்பாலம், நடைமேடை, இவற்றில் நின்று தாராளமாக எடுக்கலாம். லெவல் கிராசிங் பலவற்றில் கேட்டும் கிடையாது, மணியும் கிடையாது, வெறும் நில் பலகைதான். அங்கே காரைத் தள்ளி நிறுத்துங்கள்.

சில சுற்றுலா ரயில்களில் பயணிகளை இறக்கிவிட்டு, ரயில் பின்னோக்கிப் போய், புகை கக்கிக்கொண்டு அவர்களைக் கடந்து வந்து காட்டும். சட்டப்படி மிக அருகிலிருந்து எடுக்க இதைவிட நல்ல வழியில்லை. டிக்கெட் காசும் ரயிலுக்கே போகிறது.

பண்ணை நிலத்துக்குள் நின்று எடுக்கலாமா?

வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிக் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். ஆனால் கேட் விஷயத்தில் கவனம்: திறந்திருந்தால் திறந்தபடியே, மூடியிருந்தால் மூடியபடியே விட வேண்டும். ஒரு தடவை, திறந்து கிடந்த கேட்டை நல்லது செய்வதாக நினைத்து மூடிவிட்டு வந்தேன். ஆடுகளுக்குத் தண்ணீர் அந்தப் பக்கம் இருந்தது. மாலையில் பண்ணைக்காரர் வந்து பார்த்துத் திறந்திருக்கிறார். அடுத்த வாரம் நன்றி சொல்லப் போனபோதுதான் தெரிந்தது. அவர் கோபப்படவில்லை; ஆடுகளைக் காட்டி விளக்கினார். எனக்குத்தான் தலை நிமிர முடியவில்லை.

டிரோன்?

விமானப் பாதுகாப்பு ஆணையமான காசாவின் விதிகள்படி 120 மீட்டருக்கு மேல் பறக்கக் கூடாது, ஆட்களிடமிருந்து 30 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், எப்போதும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பகலில் மட்டும்தான். தேசியப் பூங்காக்களில் தனி அனுமதி வேண்டும். ரயிலுக்கு நேர்மேலே பறக்கவிடாதீர்கள். என்னைக் கேட்டால், பக்கத்தில் நின்று ஒலி பதிக்கிற இன்னொருவருக்கு டிரோனின் ரீங்காரம் அந்த நாளையே கெடுத்துவிடும். நான் பயன்படுத்துவதில்லை.

நீராவி ரயில் என்றார்கள், பின்னால் டீசல் இன்ஜின் இருக்கிறதே?

ஏமாற்றமாகத்தான் இருக்கும். ஆனால் காரணம் உண்டு. வழியில் நீராவி இன்ஜின் பழுதானால் பிரதான பாதையே அடைபடும். ஏற்றத்தில் கை கொடுக்கவும், இன்ஜினைத் திருப்பும் வட்டமேடை இல்லாத ஊரில் ரயிலைத் திரும்ப இழுத்து வரவும் அது தேவை. டீசல் இல்லாவிட்டால் பல பயணங்களே இல்லை. அந்தப் பழைய டீசல்களுக்கும் எழுபது வயது நெருங்குகிறது, அவற்றையும் மரியாதையாகப் படம்பிடியுங்கள்.

வேறு என்ன ஆபத்து?

விடியலிலும் அந்தியிலும் கங்காரு சாலைக்குக் குறுக்கே பாயும். அந்த நேரத்தில் வேகத்தைக் குறையுங்கள். உயரமான புல்லில் பாம்பு இருக்கும், முழங்கால் மறைக்கும் பேன்ட்டும் பூட்ஸும் போடுங்கள். காய்ந்த புல்மேல் காரை நிறுத்தாதீர்கள். சூடான சைலன்சர் பட்டுத் தீப்பிடிக்கும். பல இடங்களில் போன் சிக்னல் கிடையாது, வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். குடிதண்ணீர் நிறைய.

‘கன்சல்’ என்று என்னைக் கூப்பிட்டார்கள். திட்டா?

ரயில் பைத்தியத்துக்கு ஆஸ்திரேலியாவில் வழங்கும் சொல். சொல்கிறவரின் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். ரயில்காரர்கள் சொன்னால் பெரும்பாலும் அன்புதான்.

எடுத்ததை எல்லாம் என்ன செய்வது?

கோப்புப் பெயரிலேயே தேதி, இடம், இன்ஜின் எண் மூன்றையும் எழுதுங்கள். இரண்டு டிஸ்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில். பின்னணிப் பாட்டுப் போடாதீர்கள். நியூ சவுத் வேல்ஸ் அரசு ரயில்வேயில் நீராவிச் சேவை 1973-இல் முடிந்தது. ஹன்டர் பள்ளத்தாக்கின் ரிச்மண்ட் வேல் நிலக்கரிப் பாதையில் 1987 வரை இழுத்துக்கொண்டு போனது. அந்தக் கடைசி வருடங்களை இன்று நாம் பார்க்க முடிகிறது என்றால், அதற்குப் பெரிய பங்கு கையில் 8 மில்லிமீட்டர் கேமரா வைத்துக்கொண்டு வேலியோரம் நின்ற சாதாரண மனிதர்களுக்குத்தான்.

ஒரு பிரதியை அந்த ரயிலை ஓட்டும் சங்கத்துக்கும் அனுப்புங்கள். ஓட்டுகிறவர்கள் தங்கள் ரயிலை வெளியிலிருந்து பார்ப்பதே அபூர்வம். நான் அனுப்பிய ஒரு துண்டைப் பார்த்துவிட்டு வயதான ஃபயர்மேன் ஒருவர் போன் செய்தார். முப்பது வருடமாகக் கரி அள்ளிப் போடுகிறேன், ஏற்றத்தில் இப்படியா கேட்கிறது என்று கேட்டார்.

இந்தக் குளிர்காலத்திலேயே தொடங்க வேண்டும். முதலில் எங்கே போவது?

சிட்னிக்காரர் என்றால் தர்ல்மியர். ரயில் அருங்காட்சியகம் அங்கேதான். பழைய தெற்குப் பாதையில் பக்ஸ்டன் வரை ரயில் போய்வரும். மெல்பர்ன்காரர் பெல்கிரேவ் போய்ப் பஃபிங் பில்லியைப் பாருங்கள். ஊரைத் தாண்டியதும் வரும் மரப்பாலத்தைச் சாலையிலிருந்தே எடுக்கலாம். ஏப்ரலில் நேரம் கிடைத்தால் மெயிட்லண்டில் 1986 முதல் நடக்கும் ஸ்டீம்ஃபெஸ்ட், அங்கே நீராவி ரயிலும் டைகர் மாத் விமானமும் பந்தயம் விடும்.

முதல் தடவை கேமராவைக் காரிலேயே வைத்துவிட்டு டிக்கெட் வாங்கி ஏறுங்கள். இன்ஜினுக்கு அடுத்த பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, எந்த இடத்தில் அது மூச்சு வாங்குகிறது என்று காதால் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிறு அந்த இடத்துக்குப் பக்கத்தில் சாலை இருக்கிறதா என்று பார்த்து, ட்ரைபாடோடு போங்கள். ரோமக் கவசத்தை மறக்காதீர்கள்.